'கட்டித் தயிர்' என்று பெயர் பதியலாமா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் எருமை வைத்துத் தயிர் போடும் அக்கா ஒருவர், லேபிள் அடிக்க 'மட்டக்களப்புக் கட்டித் தயிர்' என்ற பெயரோடு வந்தார். வியாபாரக் குறியாக (trademark) பதியப் போனால் இது நிற்காது என்று சொல்ல வேண்டியிருந்தது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 103ஆம் பிரிவைப் பாருங்கள். பொருளின் வகை, தரம், அளவு, பயன், உற்பத்தியான இடம் போன்றவற்றை மட்டும் சொல்லும் குறியைப் பதிய முடியாது. 'மட்டக்களப்பு' இடம், 'கட்டி' தரம், 'தயிர்' பொருளேதான். அக்காவுக்கென்று அதில் ஒன்றும் மிச்சமில்லை. வாழைச்சேனையில் விற்பவருக்கும் அந்தச் சொற்கள் வேண்டுமே! ஒருவர் மட்டும் வேலி போட்டு அடைக்கக் கூடாது என்பது நியாயம்தான். 'மருதமுனைச் சாரம்' என்று கைத்தறிச் சாரத்துக்குப் பெயர் வைத்தாலும் இதே கதை. நெடுங்காலம் பாவித்து ஊருக்கே பழகிய பெயரென்றால், அந்தப் பாவனையையும் கணக்கில் எடுப்பார்கள்.

பேச்சுக்கிடையில் அக்கா சட்டியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். ஒரு துளி சிந்தவில்லை. "கவிழ்த்துப் பாருங்க, விழாது" என்றார்.

பெயர் அங்கேயே இருந்தது: 'கவிழ்த்துப் பார்'. அதில் தயிரும் இல்லை, கட்டியும் இல்லை. வாங்குபவர் ஒரு கணம் யோசித்துத்தான் கெட்டித் தயிர் என்று பிடிக்கிறார். அந்த ஒரு கணத்தில்தான் விஷயம் இருக்கிறது. நேரே விவரிக்காமல் குறிப்பால் உணர்த்தும் பெயருக்கு, பொருளைப் பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் வலு தொடக்கத்திலேயே உண்டு. 1976இல் அமெரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அபர்குரோம்பி என்ற நிறுவனத்தின் வியாபாரக் குறி வழக்கில், விவரிக்கும் பெயர், குறிப்பால் உணர்த்தும் பெயர் என்று இப்படித் தரம்பிரித்தது. நம் 103ஆம் பிரிவு விவரிப்பை மட்டும் ஒதுக்குவதிலும் அந்தக் கோடு தெரிகிறது.

குறிப்பு பொய்யாகக் கூடாது. பசும்பால் தயிருக்கு எருமைப் பெயர் வைத்தால், மக்களை ஏமாற்றும் குறி என்று தள்ளுபடியாகும்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம்: பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு இதற்கு ஈடல்ல. குறியைப் பதிவது கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். குறிகளைப் பதியப் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; தயிர் 29ஆம் வகுப்பில் வரும். ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் போடுவார்கள். ஆட்சேபிக்க மூன்று மாதம் உண்டு. பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

லேபிளை அச்சுக்குக் கொடுக்குமுன், அந்தப் பெயர் ஏற்கனவே யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். அக்கா இப்போது அந்தத் தேடலில்தான் நிற்கிறார்.