மாம்பழம் குழைகிறது, தர்பூசணி கல்லாகிறது: பழ ஐஸுக்குள் நடப்பது என்ன?

தர்பூசணியை மிக்ஸியில் அடித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். நன்றாகப் பழுத்த மாம்பழத்தை அடித்து இன்னொரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே ஃப்ரீசரில் அருகருகே வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். தர்பூசணியில் கரண்டி இறங்காது. தட்டினால் 'டக்' என்று சத்தம் வரும். மாம்பழமும் இறுகித்தான் இருக்கும், ஆனால் அழுத்தினால் கரண்டிக்கு வழிவிடும். இரண்டிலும் பழத்தைத் தவிர எதுவுமே இல்லை. அப்படியானால் ஒன்று கல்லாகவும் மற்றொன்று குழைவாகவும் ஆனது எப்படி?

கோடைக்கு இதமாக, வயிற்றுக்குப் பாரமில்லாத ஒரு பழ இனிப்பு செய்ய விரும்புகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும். குழைவுக்காக நாம் சேர்க்கும் சர்க்கரையும் க்ரீமும் செய்கிற வேலையில் பெரும்பகுதியைப் பழமே செய்துவிடும் என்பது தெளிவாகும்.

100 கிராம் தர்பூசணியில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர், 6 கிராம் சர்க்கரை. அதே எடை மாம்பழத்தில் தண்ணீர் 83 கிராம், சர்க்கரை 14 கிராம். வெறும் தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். பழக்கூழோ அதற்குச் சற்றுக் கீழேதான் உறையத் தொடங்கும். தொடங்கிய பிறகு நடப்பதுதான் அழகு. பனிப்படிகம் வளரும்போது தண்ணீர் மூலக்கூறுகளை மட்டுமே தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. சர்க்கரைக்கு அங்கே இடமில்லை. எனவே தண்ணீர் பனியாகப் பிரியப் பிரிய, மிஞ்சும் சாறு பாகு போலக் கெட்டியாகிறது. கெட்டியான பாகு உறைய இன்னும் குளிர் வேண்டும். குளிர் கூடினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிரியும், பாகு இன்னும் இறுகும். இப்படியே போய், வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் ஒரு பங்கு உறையாமலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பாகில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 கிராம் மாம்பழக் கூழில் சுமார் 20 கிராம் இப்படி உறையாத பாகாக இருக்கும். தர்பூசணியில் அதில் ஏறக்குறைய பாதிதான் தேறும். பனிப்படிகங்களுக்கு நடுவே எண்ணெய் போல நின்று அவற்றை வழுக்க விடுவது அந்தப் பாகுதான். கரண்டி இறங்குவதும் இறங்காததும் அதன் அளவைப் பொறுத்தது.

உறைவதை இப்படித் தள்ளிப்போடுவதில் கணக்கில் வருவது கரைந்திருக்கும் பொருளின் எடை அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கை. வாழைக்காயில் இருக்கும் மாவுச்சத்து பெரிய பெரிய சங்கிலிகள். எடை இருந்தாலும் எண்ணிக்கை குறைவு. பழுக்கும்போது அந்தச் சங்கிலிகள் அறுந்து சின்னச் சின்னச் சர்க்கரைகளாகின்றன. அதனால்தான் தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் இனிப்பில் மட்டுமல்ல, உறைந்த பிறகு குழைவிலும் முந்தி நிற்கிறது.

இனி படிகத்தின் அளவு. ஒரு மில்லிமீட்டரில் சுமார் 20இல் ஒரு பங்குக்கு மேல் படிகங்கள் வளர்ந்துவிட்டால் நாக்கு அவற்றை மணல் போல உணரும். மெதுவாக உறைந்தால் சில படிகங்களே தோன்றி ஆற அமரப் பெரிதாகும். வேகமாக உறைந்தால் எண்ணற்ற படிகங்கள் ஒரே நேரத்தில் முளைத்து, எதற்கும் வளரத் தண்ணீர் போதாமல் சிறிதாகவே நின்றுவிடும். ஆனால் தண்ணீரை உறைய வைப்பது ஃப்ரீசருக்குப் பெரும்பாடு. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்விக்க 125 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றினால் போதும். அதே 0 டிகிரியில் பனியாக்க மேலும் 334 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். ஆழமான டப்பாவில் ஊற்றினால் நடுவிலிருக்கும் வெப்பம் வெளியே வர மணிக்கணக்காகும். கூழை முதலில் ஃப்ரிட்ஜில் நன்கு குளிரவிட்டு, பிறகு அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி உறைய வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறினால் வளரும் படிகங்கள் உடைந்துகொண்டே இருக்கும்.

நான் பெரிதும் நம்புவது இன்னொரு வழி. பழத்தை அடித்து உறைய வைக்காமல், துண்டு துண்டாக உறைய வைத்துப் பிறகு அடிப்பது. உறைந்த வாழைப்பழத் துண்டுகளை மிக்ஸியில் போட்டால் முதலில் பொடிப்பொடியாக உதிரும். பலரும் அங்கேயே மனம் தளர்ந்து பாலை ஊற்றிவிடுகிறார்கள். ஓரங்களைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து அடியுங்கள். திடீரென்று க்ரீம் போலத் திரளும். படிகங்கள் நொறுங்குகின்றன, கொஞ்சம் காற்றும் உள்ளே புகுகிறது, பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளும் நார்ச்சத்தும் பாகைப் பிசுபிசுப்பாக்கிப் படிகங்களை விலக்கி வைக்கின்றன. கல்லாகும் தர்பூசணிக்கும் இதுவே மருந்து: இரண்டு பங்கு தர்பூசணித் துண்டுக்கு ஒரு பங்கு வாழைப்பழம்.

குளிரில் இனிப்பு மங்கிப்போகும். நாக்கின் சுவை செல்களில் மின்னூட்டத் துகள்களை உள்ளே விட்டு இனிப்புச் செய்தி கிளம்ப உதவும் டிஆர்பிஎம்5 என்றொரு அயனி வாயில் உண்டு. சூட்டில் அது துடிப்பாகவும் குளிரில் மந்தமாகவும் இயங்குவதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் பழங்களில் ஏராளமாக உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரைக்குத் தனிக்குணம் ஒன்று உண்டு. கரைசலில் அது பல வடிவங்களுக்குள் மாறி மாறி இருக்கும். அவற்றில் அதிகம் இனிக்கும் வடிவத்தின் பங்கு குளிரில் கூடுகிறது. குளிரவைத்த தர்பூசணி கூடுதலாக இனிப்பது வெறும் பிரமையல்ல, அதன் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸ்தான்.

எனவே சர்க்கரை சேர்க்கும் முன் பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை ஆகியவற்றை ஒரே பட்டியலில் வைத்துக் குறைக்கச் சொல்கிறது. முழுப்பழத்தில் உள்ளதை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே கூழை வடிகட்டாதீர்கள். வடிகட்டினால் போவது சக்கை மட்டுமல்ல, குழைவு தரும் நாரும்தான். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் வாழையும் ஆப்பிளும் கறுப்பது குறையும்.

உறைய வைக்காமல் ஜெல்லியாகச் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சமைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. ஜெலட்டின் ஒரு புரதம் என்பதால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இறுகாது. அதற்குப் பதில் அகர் அகரைப் பயன்படுத்தலாம்; அது கடற்பாசியிலிருந்து வரும் கார்போஹைட்ரேட், புரதமல்ல. அந்த நொதிகள் அதை ஒன்றும் செய்யா.

செய்ததை ஓரிரு நாளில் சாப்பிட்டுவிடுவது நல்லது. ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெப்பநிலை ஏறி இறங்கும். சிறிய படிகங்கள் உருகி, அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களில் போய் ஒட்டும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். மைனஸ் 18 டிகிரியிலிருந்து மைனஸ் 10க்கு ஏறுவதற்குள் உறையாத பாகு கணிசமாகக் கூடிவிடும். கரண்டி தானாக இறங்கும், ஃப்ரீசருக்குள் அடங்கிக் கிடந்த மாம்பழ வாசமும் மெல்ல எழும்.