மருத்துவச் சுற்றுலாவா, மருத்துவப் பயணமா?

தம் நாட்டில் கிடைக்காத, அல்லது கிடைத்தும் கைக்கு எட்டாத சிகிச்சையைத் தேடி ஒருவர் வேறொரு நாட்டுக்குச் செல்வதை ஆங்கிலத்தில் ‘மெடிக்கல் டூரிசம்’ என்கிறார்கள். நம் நாளிதழ்களும் அரசு அறிவிப்புகளும் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மருத்துவச் சுற்றுலா’ என்று எழுதிவருகின்றன. இதன் முன்பாதியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பின்பாதியாகிய ‘சுற்றுலா’ என்பதுதான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நெருடுகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதைச் சுட்டப் பொருந்தும், எதைச் சுட்டப் பொருந்தாது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

‘டூர்’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் இலத்தீனிலும், அதற்கும் முன் கிரேக்கத்திலும் அதன் மூலச்சொல் கடைசல் எந்திரத்தையும் வட்டம் வரையும் கருவியையும் குறித்தது. ஆக, சுழலுதல், வட்டமிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்புதல் என்பதே அதன் அடிப்பொருள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துச் செல்வர் வீட்டு இளைஞர்கள் கல்வியை முடித்ததும் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளைச் சுற்றிப் பார்த்துவரும் வழக்கம் இருந்தது. அந்தப் பயணத்தின் பெயரில் இந்தச் சொல் நிலைபெற்றது. ஓய்வும் பணமும் உள்ளவர்கள் விரும்பி மேற்கொள்ளும் பயணம் என்ற வாசனை இன்றுவரை அதைவிட்டுப் போகவில்லை.

தமிழ்ச் சொல்லும் அதே வட்டத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. சுற்று, உலா என்னும் இரண்டும் சேர்ந்து சுற்றுலா ஆயிற்று. உலாவுதல் என்றால் அவசரமின்றி, மனம்போல் நடத்தல். மாலையில் கடற்கரையில் உலாவுகிறோம். நிலவு வானில் உலா வருகிறது. திருவிழாவில் இறைவன் வீதியுலா வருகிறான். உலா என்ற பெயரிலேயே ஒரு சிற்றிலக்கிய வகை நமக்கு உண்டு. தலைவன் அணிசெய்துகொண்டு வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரையான எழுபருவ மகளிர் அவனைக் கண்டு காதல்கொள்வதைப் பாடுவது அது. மகிழ்ச்சியும் அழகும் காட்சியும் நிறைந்த சொல் இது. இதைத் ‘டூரிசம்’ என்பதற்கு ஈடாக்கியவர் யாராயினும், அவருடைய காது நல்ல காது. ஊட்டிக்கும் மாமல்லபுரத்துக்கும் போவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை. ஆனால், சிறுநீரகம் செயலிழந்தவர் இதே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தார்?

அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, கணக்கெடுப்பு முறை. உலக அளவில் சுற்றுலாப் புள்ளிவிவரம் தொகுப்பவர்கள், தம் வழக்கமான இடத்தைவிட்டு ஓராண்டுக்குக் குறைவாக வெளியே சென்று, சென்ற இடத்தில் ஊதிய வேலையில் சேராதவர் அனைவரையும் ஒரே தொகுதியில் எண்ணுகிறார்கள். உறவினரைப் பார்க்கப் போனவர், கோயிலுக்குப் போனவர், மாநாட்டுக்குப் போனவர், மருத்துவத்துக்குப் போனவர் எல்லாரும் அந்தக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளே. எண்ணுகிறவருக்கு அது வசதி; அதில் தவறும் இல்லை. இரண்டாவது காரணம் வணிகம். 1997இல் தாய்லாந்தின் நாணயம் சரிந்து ஆசிய நிதி நெருக்கடி வந்தபோது, பாங்காக்கின் பெரிய தனியார் மருத்துவமனைகள் உள்ளூர் நோயாளிகளை இழந்தன. காலியான படுக்கைகளை நிரப்ப அவை வெளிநாட்டவரை நோக்கித் திரும்பின. மலிவான நாணயம், புகழ்பெற்ற கடற்கரைகள், ஏற்கெனவே நன்கு நடந்துகொண்டிருந்த சுற்றுலாத் துறை ஆகியவற்றோடு மருத்துவமும் சேர்ந்தது. விளம்பரத் துண்டறிக்கையில் அறுவை சிகிச்சையும் கடற்கரையும் அருகருகே இடம்பெற்றதற்கு இந்தப் பின்னணி உண்டு.

இனி, போகிறவர்கள் யார் என்று பார்த்தால், இந்தப் பெயர் எவ்வளவு பேருக்குப் பொருந்தாது என்பது தெரியும். பல் கட்ட ஆஸ்திரியாவிலிருந்து எல்லை தாண்டி ஹங்கேரிக்குச் செல்பவர், முடி நடுவதற்கு இஸ்தான்புல்லுக்குச் செல்பவர் ஆகியோரை வேண்டுமானால் இந்தச் சொல் ஓரளவு தாங்கும். சிகிச்சை முடிந்தபின் இரண்டு நாள் ஊரைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு உடலும் மனமும் இடம்கொடுக்கும். அமெரிக்காவிலிருந்து செலவுக்கு அஞ்சி வருபவரும், பிரிட்டனில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாமல் வருபவரும் அப்படி அல்லர். தங்கள் நாட்டுச் சட்டம் தடுத்ததால் கருக்கலைப்புக்காகப் பல பத்தாண்டுகளாக இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அயர்லாந்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். 2018ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பு அந்தத் தடையை நீக்கும்வரை, யாரிடமும் சொல்லாமல் போய் மறுநாளே திரும்பியவர்கள் அவர்களுள் பலர். அந்தப் பயணத்தைச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக நாடுவிட்டு நாடு செல்வோரை ஆராய்ந்த அறிஞர்கள் சிலரும், அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்பதைவிடச் சொந்த நாட்டால் வெளியேற்றப்பட்டவர்கள் என்பதே பொருந்தும் என்று எழுதியிருக்கிறார்கள்.

நம் மண்ணில் இதைக் கண்ணாரக் காண வேலூருக்குப் போனால் போதும். 1900இல் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை, இன்று வடகிழக்கு மாநிலங்களுக்கும் மேற்கு வங்கத்துக்கும் வங்கதேசத்துக்கும் கடைசி நம்பிக்கையாக நிற்கிறது. அதன் எதிரே உள்ள தெருக்களில் கடைப்பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கின்றன. நாள் வாடகை அறைகளில் சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் தருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்காக அங்கே பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு காலை, வங்கதேசத்திலிருந்து மகளோடு வந்திருந்த முதியவர் ஒருவர், ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறையை மார்போடு அணைத்தபடி விடுதி மேசை முன் நின்றார். உறையின் ஓரங்கள் கைபட்டுக் கைபட்டுத் துணிபோல் மென்மையாகியிருந்தன. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அப்போது ‘சி’ படிவம் நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வருகையின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் மேலாளர் நிமிர்ந்து, “டூரிஸ்டா, மெடிக்கலா?” என்று கேட்டார். முதியவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளாமல், “டாக்தார் தேகாத்தே” என்றார். டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறோம் என்பது அதன் பொருள். நம் வீடுகளிலும் “பிள்ளையை டாக்டரிடம் காட்டினாயா?” என்றுதானே கேட்கிறோம்! இரு மொழிகளிலும் நோயாளி எதையும் பார்க்கப் போவதில்லை. தன் உடம்பைக் காட்டப் போகிறார். சுற்றுலா என்பது பார்ப்பவரின் சொல். சிகிச்சைக்குப் போவது காட்டுபவரின் செயல். இந்த வேறுபாட்டை எந்த அகராதியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தபின் இந்திய விசா வழங்கல் பெரிதும் சுருங்கியது. சென்னை, வேலூர், கொல்கத்தா மருத்துவமனைகளில் அந்நாட்டு நோயாளிகளின் வரவு குறைந்தது. அடுத்த ஆண்டே வங்கதேச நோயாளிகளுக்குச் சீனா தன் குன்மிங் நகர மருத்துவமனைகளின் கதவைத் திறந்தது. இந்தச் செய்திகளை ‘மருத்துவச் சுற்றுலா பாதிப்பு’ என்ற தலைப்பில் படித்தபோது, தலைப்பு முழுவதும் நம் பக்கத்து வருவாயைப் பற்றியதாகவே எனக்குத் தோன்றியது. சுற்றுலாவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம். பாதியில் நின்ற புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

சொல்லின் பொருத்தமின்மைக்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சான்று கிடைக்கிறது. நற்றிணையின் 136ஆம் பாடலில் தலைவி தன் தந்தையைப் பற்றிச் சொல்லும்போது, ‘அரும்பிணி உறுநர்க்கு வேட்டது கொடாஅது, மருந்து ஆய்ந்து கொடுத்த அறவோன் போல’ என்று உவமை கூறுகிறாள். நோயாளி விரும்பியதைக் கொடுக்காமல், அவருக்கு வேண்டிய மருந்து எது என்று ஆராய்ந்து கொடுப்பவர் மருத்துவர். அவருக்குப் பெயர் அறவோன். சுற்றுலாத் தொழிலின் அறம் இதற்கு நேர்மாறானது: வந்தவர் வேட்டதைக் கொடுப்பதே அங்கே நல்ல சேவை. வேண்டாத அறுவை சிகிச்சையை வேண்டும் என்று கேட்டு வருபவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் கடமை மருத்துவருக்கு உண்டு. பயண முகவருக்கு இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டும்போது, முன்னவருடைய கடமை பின்னவருடைய வாடிக்கையில் கரைந்துவிடுமோ என்பதே என் கவலை.

‘சுற்றுலா’ என்பதை முழுவதும் விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் எண்ணெய்க் குளியலும் பத்தியமுமாக இரண்டு வாரம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போகும் ஐரோப்பியர் மேற்கொள்வது உண்மையிலேயே சுற்றுலாதான். அதை ‘உடல்நலச் சுற்றுலா’ எனலாம். இன்னொரு முனையில், பணம் கொடுத்து உறுப்பு வாங்க நாடுவிட்டு நாடு செல்லும் கொடுமை இருக்கிறது. இதைப் பற்றிப் பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூடி 2008இல் வெளியிட்ட இஸ்தான்புல் சாற்றுரை நல்லதொரு சொல் ஒழுங்கைக் காட்டியது. உறுப்பு மாற்றுக்காக நாட்டெல்லை தாண்டுவதற்கு அது இட்ட பெயர் பயணம். அதில் உறுப்பு வணிகம் கலந்தால், அல்லது அந்த நாட்டு மக்களுக்குரிய உறுப்புகள் வெளியாருக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டுமே சுற்றுலா என்ற பெயர். அதாவது, அந்த ஆவணத்தில் சுற்றுலா என்பது பழிச்சொல். இந்தியச் சட்டமும், நெருங்கிய உறவினர் அல்லாத இந்தியர் ஒருவர் உயிரோடிருக்கும்போது வெளிநாட்டவருக்கு உறுப்புக் கொடுக்க இடம் தருவதில்லை.

அப்படியானால் நாம் எழுத வேண்டிய சொல் எது? பழந்தமிழைக் கேட்டால் ‘செலவு’ என்று விடை வரும். செல்லுதல் என்னும் வினையிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பயணம் என்பதே பழைய பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியைத் தேற்றுவதற்காகப் போக்கைச் சற்றே தவிர்ப்பதைச் ‘செலவழுங்குதல்’ என்பார்கள். இன்றோ செலவு என்றால் கைப்பணம் கரைவது. ‘மருத்துவச் செலவு’ என்று எழுதினால் பயணம் என்று யாரும் கொள்ளமாட்டார்கள், மருத்துவமனை ரசீதைத்தான் நினைப்பார்கள். நிலத்தை விற்றுவிட்டு விமானம் ஏறுகிறவருக்கு இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்துவது வேதனையான உண்மை என்றாலும், சொல்லாக அது இன்று பயன்படாது.

எனவே ‘மருத்துவப் பயணம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். பயணம் வடமொழிவழி வந்த சொல்தான். ஆயினும் எல்லாரும் அறிந்தது, எளியது, இன்பத்தையும் துன்பத்தையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடாதது. கடைசிப் பயணம் என்றும் சொல்கிறோம், கல்விப் பயணம் என்றும் சொல்கிறோம். மலேசியா இதற்கென அமைத்த மன்றத்தின் ஆங்கிலப் பெயரில் சுற்றுலா என்பது இல்லை, பயணம் என்பதே இருக்கிறது. இந்திய அரசும் பல ஆவணங்களில் பயணம் என்ற சொல்லுக்கு மாறியிருக்கிறது. அங்கே இடையில் ‘மதிப்பு’ என்ற வணிகச் சொல்லையும் செருகியிருக்கிறார்கள், தமிழில் அதை நாம் விட்டுவிடலாம். போகிறவரை ‘மருத்துவப் பயணி’ என்று எழுதலாம். சொற்களை முன்பின்னாக மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்: ‘பயண மருத்துவம்’ என்பது பயணம் செய்வோரின் உடல்நலம் காக்கும் தனித் துறை. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் புறப்படுமுன் கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது அதில் அடங்கும்.

கூடவே வருபவருக்கும் ஒரு சொல் வேண்டும். இந்திய மருத்துவ விசாவில் நோயாளியோடு இருவர் வரை வருவதற்குத் தனி விசா உண்டு. மருத்துவமனை வழக்கில் அவரை ‘அட்டெண்டர்’ என்கிறோம். அதே சொல் அலுவலக உதவியாளரையும் குறித்துக் குழப்புகிறது. ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்னும் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்று ஒருவரை வைக்கிறது. உழை என்றால் பக்கம். அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவர் அவர். இன்றைய வழக்கில் அந்தப் பணியில் ஒரு பகுதியைச் செவிலியர் ஏற்றுக்கொண்டாலும், மொழி தெரியாத ஊரில் வரிசையில் நின்று, பணம் கட்டி, இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருப்பவர் உறவினரே. அவரை ‘உடனிருப்பவர்’ என்று படிவங்களில் எழுதினால் எல்லாருக்கும் புரியும். அந்த வேலூர் விடுதியின் சொந்தப் பேரேட்டில், தந்தை, மகள் இருவர் பெயருக்கும் எதிரே மேலாளர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். மகளின் பெயருக்கு நேரே ‘பேஷண்ட்’ என்றும், முதியவரின் பெயருக்கு நேரே ‘கூட வந்தவர்’ என்றும் இருந்தது.