பார்ட்ஸ் எல்லாம் புதுசு, கூலிங் மட்டும் வரவில்லை

இந்தக் கத்திரியிலும் அதே கதைதான். ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் புதுசு, அதை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு புதுசு, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலும் புதுசு. மூன்று பில்லையும் கையில் பிடித்துக்கொண்டு கார் ஏசி பார்க்கிற என்னிடம் ஒரு கால் டாக்ஸி டிரைவர் வந்து நின்றார். சென்னை ஓஎம்ஆரில் வண்டி ஓடும்போது ஏசி பரவாயில்லையாம், சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றால் சூடான காற்றுதான் வருகிறதாம். "கடைசியா பார்த்தவங்க கேஸ் கம்மியா இருக்குன்னு இன்னும் கொஞ்சம் ஏத்திவிட்டாங்க சார். அதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு."

அந்த "இன்னும் கொஞ்சம்" என்ற பழக்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கார் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய பைப்புக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கைத் தேடாமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவது சர்வீஸே இல்லை. சரி, இதைப் பலரும் இப்போது ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேஸ் கூடினால் கூலிங்கும் கூடும் என்ற நம்பிக்கை மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

கூலிங் அதிகமாகாது, குறையும். முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிற கண்டென்சருக்குள் ஆவியாக வரும் கேஸ் திரவமாக மாறுவதற்கு இடம் வேண்டும். அளவுக்கு மேல் ஏற்றினால் அந்த இடத்தைத் திரவமே அடைத்துக்கொள்கிறது. ஹை சைடு (கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகிற பக்கம்) பிரஷர் ஏறுகிறது, கூடவே லோ சைடும் (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்புகிற பக்கம்) ஏறுகிறது. லோ சைடு ஏறினால் கூலிங் காயிலின் குளிர்ச்சி போய்விடும். கம்ப்ரஸர் தேவையில்லாமல் முக்குகிறது, மைலேஜ் அடிவாங்குகிறது, முடிவில் கம்ப்ரஸரே போகிறது. அப்புறம் "புது கம்ப்ரஸர் ஆறு மாசம்கூட வரலையே" என்று கம்பெனியைத் திட்டுவார்கள்.

பிரஷர் கேஜைப் பார்த்துத்தானே ஏற்றுகிறோம் என்று தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு கேஜைப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில், கார் ஏசியில் போடுகிற ஆர்134ஏ கேஸ் 114 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) பக்கம் காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் அதே 114, 600 கிராம் இருந்தாலும் அதே 114. திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறவரை வெப்பநிலை எவ்வளவோ அதற்கேற்ற பிரஷர்தான் வரும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று கேஜ் சொல்லாது, எடை மெஷின்தான் சொல்லும். எத்தனை கிராம் என்று பானட்டுக்குள் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறார்கள். சின்ன கார்களுக்கு அரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

டாக்ஸிக்காரரின் ஸ்டிக்கரில் 450 கிராம். உள்ளே இருக்கிற கேஸை உறிஞ்சி எடுக்கிற ரெகவரி மெஷினில் இழுத்தபோது 700ஐத் தாண்டியது. வேக்கம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து 450 மட்டும் ஏற்றினேன். ஆனாலும் நின்ற நிலையில் ஹை சைடு முள் 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. இந்த வெயிலுக்கு 200லிருந்து 250க்குள் நிற்க வேண்டிய முள் அது. கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினேன். முள் 220க்கு இறங்கியது, உள்ளே சில்லென்று காற்று வந்தது. தண்ணீர் காய்ந்ததும் முள் திரும்ப ஏறியது. அதாவது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை.

ஃபேன் ஓடுகிறதே என்றார். ஓடத்தான் செய்தது. ஒரு நியூஸ் பேப்பர் துண்டை கிரில் முன்னால் பிடித்தேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய பேப்பர் வெளிப்பக்கமாகப் பறந்தது. சில மாதங்களுக்கு முன் ஃபேன் மோட்டார் மாற்றியவர் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இன்ஜினின் சூட்டை ஃபேன் கண்டென்சர் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்று சமாளித்துவிடும், சிக்னலில் நின்றால் முடியாது. வயரை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. கழற்றிய பழைய கம்ப்ரஸர் எங்கே என்று கேட்டேன். திருப்பித் தரவில்லையாம்.

வண்டி ஓடினால் கூலிங், நின்றால் இல்லை என்று யாராவது சொன்னால் முதலில் ஃபேனைப் பாருங்கள். இரண்டாவது ஸ்பீடு வேலை செய்கிறதா, ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே சரியா, கண்டென்சர் மாற்றியபோது ஓரத்தில் இருந்த ஸ்பாஞ்சைத் திரும்ப ஒட்டினார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ரேடியேட்டரின் சூடு சந்து வழியாக முன்னால் சுற்றி வந்துவிடும். பெசன்ட் நகர், நீலாங்கரை மாதிரி கடலோரம் நிற்கிற வண்டிகளில் கண்டென்சரின் மெல்லிய தகடுகளான ஃபின்னையும் தொட்டுப் பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், கை வைத்தால் உப்புக் காற்றில் அரித்துப் பொடியாகக் கொட்டும்.

இரண்டு கேஜும் சரியாகக் காட்டுகிறது, கூலிங் மட்டும் வரவில்லை என்றால் கேஸ் பக்கமே போகாதீர்கள். டாஷ்போர்டை இறக்கிக் கூலிங் காயில் மாற்றிய வண்டிகளில் ஹீட்டர் சூட்டைத் திறந்து மூடுகிற ஃப்ளாப்பின் கேபிளைச் சரியாக மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் குளிர்ந்த காற்றோடு மறுபக்கம் ஹீட்டர் சூடும் கலந்து வரும். இது தெரியாமல் மறுபடியும் கம்ப்ரஸரைக் கழற்றியவர்கள் உண்டு.

வேக்கம் விஷயத்தில் நம் ஊர் மெக்கானிக்குகளிடம் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் பம்ப் ஓட்டிவிட்டு வேக்கம் போட்டாச்சு என்று சொல்லாதீர்கள். சென்னைக் காற்றில் எவ்வளவு ஈரம் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரியும். லைனைத் திறந்தால் அந்த ஈரம் உள்ளே போகும். அது எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து உள்ளே அரிக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். கடல் மட்டத்தில் இருக்கிற ஊர் இது, வேக்கம் காட்டுகிற முள் 29 இன்ச்சைத் தொடாவிட்டால் லீக் இருக்கலாம், பம்ப்பும் மோசமாக இருக்கலாம். அப்புறம் வால்வை மூடிவிட்டு இருபது நிமிடம் முள் நகர்கிறதா என்று பாருங்கள். லைனைத் திறந்துவிட்டால் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரையும், பைப் இணைப்புகளில் இருக்கிற ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும். புது டிரையரின் மூடியைக் காலையில் கழற்றி வைத்துவிட்டுச் சாயங்காலம் மாட்டினால் அது மாட்டும் முன்பே ஈரம் குடித்து முடித்திருக்கும்.

பழைய கம்ப்ரஸர் ஜாம் ஆகிப் போயிருந்தால் லைன் முழுக்க இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் இருக்கும். பைப்பையும் காயிலையும் ஃப்ளஷ் பண்ணலாம். இப்போதைய கண்டென்சர்களின் துளைகள் அவ்வளவு பொடிசு, அதைச் சுத்தம் செய்யவே முடியாது, மாற்றுங்கள். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பழைய கம்ப்ரஸர் வாங்குகிறவர்களைத் தடுக்க முடியாது, பண நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். கறுப்பாகவோ மினுமினுப்பாகவோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

தயவுசெய்து இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று எல்பிஜி வகை கலந்த கேஸை ஏற்றாதீர்கள். தீப்பிடிக்கிற பொருள் அது. கூலிங் காயிலில் லீக் ஆனால் கேபினுக்குள், குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான் வரும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் சாதாரண ஆயிலை ஊற்ற விடாதீர்கள். அந்தக் கம்ப்ரஸர் ஹை வோல்டேஜில் ஓடுவது, அதற்கென்று கம்பெனி சொல்கிற ஆயில் மட்டும்தான்.

கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கிராம் கேஸ் ஏற்றினார்கள், லோ எவ்வளவு, ஹை எவ்வளவு என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வண்டியைச் சாயங்காலம் எடுக்காமல் மதிய வெயிலில் எடுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனில் போட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் சொருகிப் பாருங்கள். 12 டிகிரி பக்கம் வந்து அங்கேயே நின்றால் பணத்தைக் கொடுங்கள்.