உயிலில் எழுதினாலும் பட்டம் வராது

இங்கிலாந்தில் உயில், டிரஸ்ட், வாரிசு வழக்குகள் பார்க்கும் சொலிசிட்டர் (வக்கீல்) நான். பிரபு, பாரோனெட் போன்ற பரம்பரைக் கௌரவப் பட்டம் உள்ள குடும்பத்தார் வந்தால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: அப்பா உயில் எழுதினால் வீடு வரும், நிலம் வரும், பட்டம் மட்டும் வராது. அது யாருக்குப் போகும் என்பதைப் பட்டம் கொடுத்த அன்றைக்கே அரசர் தந்த சாசனம் முடிவு செய்துவிட்டது.

ஸ்டிச்சில் என்ற ஊரின் பிரிங்கிள் குடும்பத்து வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1683-இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் பிரிங்கிளுக்கு பாரோனெட் பட்டம் கிடைத்தது, அவருக்குப் பின் அவர் ரத்த வழியில் பிறந்த ஆண் வாரிசுகளுக்குப் போகும் என்று. 10-ஆவது பாரோனெட் சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள், பிரிட்டிஷ் கடற்படையின் ராயல் மரைன்ஸ் படைக்கே தலைமை வகித்தவர், 1981-இல் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த கார் குண்டில் ஒரு காலை இழந்தவர். பிரிங்கிள் குலத்தின் வம்சாவளியை ஆராய்கிறோம் என்று கேட்டபோது அவரும் டிஎன்ஏ மாதிரி கொடுத்தார். உறவினர்களின் மாதிரிகளோடு அது ஒத்துப்போகவில்லை. 8-ஆவது பாரோனெட்டின் மூத்த மகன் என்று எல்லோரும் நம்பியவர், அதாவது ஸ்டூவர்ட்டின் அப்பா, அந்த 8-ஆவது பாரோனெட்டுக்குப் பிறந்தவர் அல்ல என்று தெரியவந்தது. 2013-இல் ஸ்டூவர்ட் இறந்ததும் அவருடைய மகனும், அவருடைய சித்தப்பா மகனும் பட்டத்துக்கு உரிமை கோரினார்கள். 2016 ஜூனில் பிரிவி கவுன்சில், அதாவது அரசிக்கு ஆலோசனை சொல்லும் அவையின் நீதிபதிகள் குழு, சித்தப்பா மகன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இத்தனை காலம் கழித்து இதைக் கிளறலாமா என்ற வாதம் எடுபடவில்லை. தீர்ப்பு சட்டப்படி சரிதான், ஆனால் எந்தத் தப்பும் செய்யாத ஒரு மகன், தாத்தா பிறப்பைப் பற்றிய உண்மைக்காக எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டி வந்ததே என்று எனக்கு இன்னமும் மனசு கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறானது ஆம்ப்ட்ஹில் பிரபு பட்டத்து வழக்கு. 1921-இல் பிறந்த ஜெஃப்ரி ரஸ்ஸலை, இது என் பிள்ளையே இல்லை என்று அப்பா மறுத்தார். ஆனால் அவர் முறையாகப் பிறந்தவர்தான் என்று 1926-லேயே நீதிமன்றத்தில் பிரகடனம் வாங்கி வைத்திருந்தார்கள். 1973-இல் அப்பா இறந்த பிறகு அவருடைய இன்னொரு மனைவியின் மகன் போட்டிக்கு வந்தபோது, 1976-இல் பிரபுக்கள் சபையின் குழு அந்தப் பிரகடனத்தை வைத்தே ஜெஃப்ரிக்குப் பட்டத்தைக் கொடுத்தது. அப்படி ஒரு காகிதம் பிரிங்கிள் குடும்பத்திடம் இல்லை.

அதனால் பட்டம் உள்ள வீட்டில் யாராவது விளையாட்டாக டிஎன்ஏ கிட் வாங்கி எச்சில் துப்பி அனுப்பும் முன், முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன செய்வோம் என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். வந்த பிறகு அதை மறைப்பது கஷ்டம், மறைக்கச் சொல்லி நானும் ஆலோசனை தர மாட்டேன்.

அப்புறம், இளம் தம்பதிகளுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு விஷயம். தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி முழுக்க உங்கள் பிள்ளைதான், ஆனாலும் பட்டம் அதற்குப் போகாது. தானமாகப் பெற்ற விந்தணுவில் பிறந்த குழந்தைக்கும் அப்படியே, செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டங்களைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. பெற்றோர் கல்யாணம் செய்துகொள்ளும் முன் பிறந்த பிள்ளைக்கு, பிறகு அவர்கள் மணந்துகொண்டாலும் இங்கிலாந்துப் பட்டம் கிடைக்காது. ஸ்காட்லாந்துப் பட்டங்களுக்கு இதில் விதி வேறு.

இதில் பயப்பட வேண்டியது பட்டத்தைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி. பழைய டிரஸ்ட் பத்திரங்களில் மாளிகையும் நிலமும் பட்டத்தோடு சேர்ந்தே போகட்டும் என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் அந்தச் சொத்தும் இந்தப் பிள்ளைகளின் கையை விட்டுப் போகக்கூடும். தத்துப் பிள்ளை விஷயத்தில், பத்திரத்திலேயே வேறு மாதிரி எழுதிக்கொள்ள தத்தெடுப்பு பற்றிய 2002 சட்டம் இடம் தருகிறது. ஆகவே புதிதாக டிரஸ்ட் எழுதுகிறவர்கள் 'பட்டம் வகிப்பவருக்கு' என்ற வார்த்தையை விட்டுவிட்டு, யாருக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்தப் பிள்ளையின் பெயரையே போடச் சொல்லுங்கள். பழைய பத்திரம் இருந்தால் அதை மாற்ற வழி இருக்கிறதா என்று அப்பா அம்மா இருக்கும்போதே வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.