புளிக்காமலே திரிந்த பால்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் பாதிப் பெட்டிப் பால் மிச்சம் இருந்தது. தேதி முடிய இன்னும் இரண்டு நாள். டீக்கு அடுப்பில் வைத்ததும் திரிந்துபோனது. “புளிச்சிருக்கும்” என்றார் அம்மா. பெட்டியில் இருந்ததை நாக்கில் விட்டுப் பார்த்தேன். புளிப்பே இல்லை, லேசாகக் கசந்தது.

அந்தக் கசப்பில்தான் விஷயம் இருக்கிறது. பச்சைப் பாலை வெளியே வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். பெட்டிப் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. அப்புறம் குளிர். அங்கே வேறு கூட்டத்தின் ராஜ்யம்.

அதில் முக்கியமானது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. 4 டிகிரியிலும் மெல்ல வளரும். அந்தச் சூட்டில் இதுவும் சாகும். ஆனால் பாலைப் பெட்டியில் நிரப்பும்போது இயந்திரத்திலிருந்து மறுபடி ஒட்டிக்கொண்டு வரலாம். இன்னொரு வழி எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. சூடாக்கும் முன்பே, பண்ணையின் குளிர்தொட்டியில் அது நன்றாகப் பெருகியிருந்தால், தான் சுரந்த நொதிகளைப் பாலில் விட்டுவிட்டுத்தான் சாகும். அவற்றில் சில 140 டிகிரியைக்கூடச் சில விநாடி தாங்கும். பேய் போனாலும் பில்லி சூனியம் விடாத கதை.

பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டையைச் சுற்றி கப்பா கேசின், மயிர்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உருண்டைகளை நெருங்க விடாது. நொதி அந்த மயிரை மழித்துவிட்டால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தயார். சூடு பட்டதும் கட்டிதான். சீஸ் செய்பவர்கள் ரென்னெட் என்ற நொதிக் கலவையை ஊற்றி வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான். வெட்டுப்பட்ட புரதத் துணுக்குகளில் சில கசக்கும். லைபேஸ் நொதியோ கொழுப்பை உடைத்து பியூட்டிரிக் அமிலத்தை வெளியேற்றும். காறல் வாடை அதனால்.

பேசில்லஸ் என்ற இன்னொரு வகை பாக்டீரியா இனங்கள் சூட்டில் சாகாமல் வித்தாகச் சுருண்டு கிடக்கும். குளிர் குறைந்தால் சில விழித்துக்கொள்ளும்.

“நல்லா கொதிக்க வச்சா சரியாகாதா?” என்றார் அம்மா. ஆகாது, மழித்த மயிர் திரும்ப முளைக்காது. கோலாலம்பூர் வெக்கையில் ஐஸ்பெட்டிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது கதவுத் தட்டுதான். எங்கள் பால் இத்தனை நாள் அங்கேதான் இருந்தது.