வாக்குத்தத்தம்: சொல்லும் பொருளும்

வாக்குத்தத்தம் (பெயர்ச்சொல்): கொடுக்கப்பட்ட வாக்கு. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில், கடவுள் தாமாக முன்வந்து 'இதைச் செய்வேன்' என்று சொல்லி, அந்தச் சொல்லுக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வது. மனிதர் கடவுளிடம் சொல்லும் வாக்குக்குப் பொருத்தனை, நேர்ச்சை என்று வேறு பெயர்கள் உண்டு. 'இது நடந்தால் அதைச் செலுத்துகிறேன்' என்பது பொருத்தனை. கேட்டது நடக்காதபோது கடவுள் வாக்குத் தவறிவிட்டார் என்று மனம் உடைகிறவர்களில் பலர், அவர் கொடுக்காத வாக்கைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வாக்கு, தத்தம் இரண்டுமே வடமொழி வழி வந்தவை. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. தத்துப்பிள்ளையில் இருப்பதும் இதே வேர்தான். நீர் வார்த்துக் கொடுத்துவிடுவதைத் 'தத்தம் பண்ணுதல்' என்பார்கள். வார்த்த பின் கொடுத்தவருக்கு அதில் உரிமை இல்லை. வடமொழியில் 'வாக்தத்தா' என்பது மணத்துக்கு வாக்குக் கொடுக்கப்பட்ட பெண்ணைக் குறிக்கும். கொடுத்தாயிற்று, இன்னும் போய்ச் சேரவில்லை. விசுவாசம் சோதிக்கப்படுவதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் 'எபாங்கேலியா'. அறிவிப்பு என்பது அதன் அடிப்பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் இதற்கென்று தனிப் பெயர்ச்சொல்லே கிடையாது. 'சொன்னார்', 'அவருடைய வார்த்தை' என்றுதான் வரும். கடவுள் சொன்னாலே அது வாக்குத்தத்தம்தான் என்பதால் தனிச்சொல் தேவைப்படவில்லை என்று கொள்ளலாம்.

இடைவெளி எவ்வளவு நீளும் என்பதற்கு ஆபிரகாமின் கணக்கைப் பார்க்கலாம். சந்ததி தருவதாகக் கடவுள் சொன்னதை நம்பி ஊரைவிட்டுப் புறப்படும்போது வயது 75 (ஆதியாகமம் 12:4). பொறுமையிழந்து, மனைவியின் பணிப்பெண் ஆகார் வழியாக இஸ்மவேலைப் பெற்றபோது 86. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. ஆக 25 ஆண்டுகள். கடும் சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது. 'ஈசாக்கினிடத்தில் உன் சந்ததி விளங்கும்' என்பது வாக்கு (21:12). அதே ஈசாக்கைப் பலியிடு என்பது கட்டளை (22:2). வாக்கும் கட்டளையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. மரித்தோரிலிருந்தும் எழுப்பக் கடவுளால் முடியும் என்று ஆபிரகாம் எண்ணினார் என்கிறது எபிரெயர் 11:19. வாக்கு எப்படி நிறைவேறும் என்று அவருக்குத் தெரியவில்லை. வாக்குக் கொடுத்தவரைத் தெரிந்திருந்தது. அதே அதிகாரம், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவற்றை அடையாமலே இறந்தவர்களையும் விசுவாசத்தில் மரித்தவர்கள் என்றே சொல்கிறது (11:13). வேதனையில் இருப்பவரிடம் 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று சொல்ல நாக்குத் துடிப்பவர்கள் முதலில் இந்த வசனத்தைப் படிக்கவேண்டும்.

ஒரு வசனத்தை வாக்குத்தத்தமாகப் பற்றிக்கொள்ளுமுன் பார்க்கவேண்டியவை சில. யாருக்குச் சொல்லப்பட்டது? நிபந்தனை உண்டா? காலம் குறிக்கப்பட்டிருக்கிறதா? முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? எரேமியா 29:11 அட்டைகளில் தனியாக அச்சாகி வரும் வசனம்: 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம் 70 ஆண்டுகள் என்கிறது. கடிதத்தைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகப்போவதில்லை. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று 5ஆம் வசனமே சொல்லிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் அடுத்த மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்தால் உடைவது நம் கணக்குத்தான். பழி மட்டும் வாக்கின்மேல் விழுகிறது.

வாக்குத்தத்தத்தைத் தவறாகக் கையாள்வதற்கு வேதத்திலேயே கூர்மையான எடுத்துக்காட்டு மத்தேயு 4:6. தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி, சாத்தான் இயேசுவைத் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்கிறான். வசனம் உண்மையானதுதான். ஆனால் வாக்குக் கொடுத்தவரை நிரூபிக்கச் சொல்லி நெருக்குவது அவரைப் பரீட்சை பார்ப்பது. இயேசு மறுத்தது அதைத்தான்.

கேள்வி கேட்பது அப்படிப்பட்டதன்று. 13ஆம் சங்கீதம் இரண்டே வசனங்களில் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறது. 5ஆம் வசனத்தில் 'உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்கிறது. இடையில் நிலைமை மாறியதாக ஒரு சொல்லும் இல்லை. நெருக்கடியில் ஜெபிக்க வார்த்தை கிடைக்காதவர்கள் இந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம்: முறையிடு, உதவி கேள், பிறகு அவருடைய கிருபையை நினைத்துக்கொள். முதல் படியைத் தாண்டிக் குதித்து நேரே துதிக்குப் போகிறவர்களுக்குத் துதி வாயோடு நின்றுவிடுகிறது.

இனி, நேர்த் தமிழ்ச்சொல். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'வாக்குறுதி' இருக்கிறது. வாக்கு தமிழில் ஊறிப்போன சொல், உறுதி தமிழே. தேர்தல் மேடைகள் இந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன என்பது ஒன்றுதான் குறை. முழுத் தமிழாக வேண்டுமென்பவர்கள் 'சொல்லுறுதி' எனலாம். 'உறுதிமொழி' பொருந்தாது: அது பெரும்பாலும் நாம் எழுந்து நின்று எடுப்பது, பொருத்தனையின் பக்கம் சாயும்.

பொது மொழிபெயர்ப்பையும், புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் படிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பழையதில் 'விசுவாசம்' என்று வருவது பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை'. பழையதில் 'நம்பிக்கை' என்று வருவது இதில் 'எதிர்நோக்கு'. ரோமர் 4:18இன் 'நம்பிக்கையோடே விசுவாசித்தான்' என்ற தொடரை இரண்டிலும் ஒப்பிட்டால் இது தெளிவாகும். எழுதும்போது ஏதேனும் ஒரு தொகுதியை மட்டும் கடைசிவரை கையாளுங்கள். வினையாக எழுதும்போது 'வாக்குத்தத்தம் கொடுத்தார்' என்பது கொடுத்ததையே மீண்டும் கொடுப்பது. பழைய நடையில் 'வாக்குத்தத்தம்பண்ணினார்', இன்றைய நடையில் 'வாக்களித்தார்'.