கேட்டை எப்போது சாத்துவீர்கள்?

மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் வந்தால், கூழ் ஆலை வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய். ஒவ்வொரு வண்டியும் எடைமேடையில் ஏறி இறங்கும்போது சீட்டு எண், நேரம், எடை என்று ஒரு வரி பதிவாகும். வரிகள் வந்துகொண்டே இருக்கும். இப்படி ஓடிவரும் தரவைத்தான் எங்கள் தொழிலில் ஸ்ட்ரீமிங் என்கிறோம்.

அன்றைய எடைகளைக் கூட்டும் ஜாப், அதாவது கணினியில் தானாக ஓடும் வேலை, ஒன்று. அது முடிந்த பிறகு பட்டுவாடாப் பட்டியல் போடும் ஜாப் இன்னொன்று. நடுவே யாராவது காத்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் வீட்டில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் ஒரு வரி போதும், அதுவே காத்திருக்கும். பெரிய தரவுக் கணக்குகளை வாடகைக் கணினிகளில் ஓட்டித் தரும் அமேசானின் இஎம்ஆர் சேவையில் அந்தக் கட்டளைக்குப் பெயர் 'வெயிட் ஸ்டெப்-கம்ப்ளீட்'.

வேலை முடிந்ததும் சர்வரே கூப்பிட்டுச் சொல்லிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் "நம்ம வண்டி ஆச்சாண்ணா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் விவசாயியின் வேலையைத்தான் இந்தக் கட்டளை செய்கிறது. 30 விநாடிக்கு ஒருமுறை ஜாபின் நிலையைக் கேட்கும். முடிந்தது என்று பதில் வந்தால், 0 என்ற எண்ணை விட்டுவிட்டு வெளியேறும். யூனிக்ஸ் உலகில் 0 என்றால் எல்லாம் சரி, அடுத்த கட்டளை ஓடலாம். 60 முறை கேட்டும் முடியவில்லை என்றால், 255 என்ற எண்ணோடு கிளம்பிவிடும். ஆக, அதன் பொறுமை அரை மணி நேரம்.

நான் மாட்டிக்கொண்டது இந்த 255-இல்தான். ஜாப் தோற்றுப்போனாலும் 255, காத்திருந்து அலுத்துப்போனாலும் 255. திரையில் வரும் செய்தி வேறு, ஆனால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் என் ஸ்கிரிப்ட் அதைப் படிப்பதில்லையே! வரத்து அதிகமான ஒரு ஜூன் ராத்திரி, ஜாப் அரை மணியைத் தாண்டியது. என் ஸ்கிரிப்ட் 255-ஐப் பார்த்தது, தோல்வி என்று எடுத்துக்கொண்டு அதே ஜாபை மறுபடி கிளப்பிவிட்டது. முதல் ஜாப் சாகவே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் ஆலைக் கணக்குப்பிள்ளை போன் போட்டார்: "சார், ஒரே வண்டி ரெண்டு தடவை ஏறியிருக்குதே?" 4 டன் கொடுத்தவருக்கு 8 டன் கணக்கு.

அப்புறம் இரண்டு திருத்தம் செய்தேன். 255 வந்தால் உடனே ஜாபின் நிலையைத் தனியாகக் கேட்பது. இன்னும் ஓடுகிறது என்றால் மறுபடி காத்திருப்பு, விழுந்துவிட்டது என்றால் மட்டும் மறு ஓட்டம். அடுத்தது, எடைச் சீட்டு எண்ணையே சாவியாக வைத்து எழுதுவது. ஒரே சீட்டு இரண்டு முறை வந்தாலும் பழைய வரி மேலேயே விழும், கூட்டல் ஏறாது. இரண்டாவதுதான் உண்மையான காப்பு என்பேன்.

இதெல்லாம் முடிவுள்ள ஜாபுக்கு. எடைமேடையோடு நேரடியாக இணைந்து இரவும் பகலும் ஓடும் ஜாபுக்கு 'முடிந்தது' என்ற நிலையே கிடையாது. நாள் முழுக்கக் காத்தாலும் 255தான். முடிவை நாம்தான் கொடுக்க வேண்டும், அதிலும் முறை இருக்கிறது. ஓடிவரும் தரவைக் கையாளும் கூகுளின் டேட்டாஃப்ளோ சேவையில் 'கேன்சல்' என்றால் எடைமேடையில் வண்டி நிற்கும்போதே மெயினை அணைப்பது மாதிரி, பாதியில் இருக்கும் தரவு போய்விடலாம். 'டிரெய்ன்' என்றால் கேட்டைச் சாத்திவிட்டு, உள்ளே வந்துவிட்ட வண்டிகளை மட்டும் இறக்கி முடிப்பது. அது நடந்து முடிந்ததும் ஜாபின் நிலை மாறும். காத்திருக்கும் ஸ்கிரிப்டுக்கு அந்த நிலைதான் விடை.

சரி, கேட்டை எப்போது சாத்துவது? ஆலைக்காரரிடமே கேட்டேன். "சீசன்ல வண்டி நிக்கிற வரைக்கும் எங்கங்க சாத்தறது?" என்றார். பேசிப் பேசி, காலை 6 மணி என்று முடிவானது. அதற்குப் பிறகு மேடை ஏறும் வண்டி அடுத்த நாள் கணக்கு.